தாராளவாதமும் நவதாராளவாதமும்: தேயிலை மலையிலிருந்து பார்த்தால்

"தாராளம்" என்ற சொல் நம் ஆட்களை நன்றாகக் குழப்பி வைத்திருக்கிறது. உயர்தர வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது வருடா வருடம் இதைப் பார்க்கிறோம். "தாராளவாதம் என்பது 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த திறந்த பொருளாதாரக் கொள்கையாகும்" என்று பிள்ளைகள் அழகான கையெழுத்தில் எழுதுகிறார்கள். புள்ளி போட முடிவதில்லை. ஆனால் பிள்ளைகளில் குறை சொல்லவும் முடியாது. தொழிற்சங்க மேடையில் பேசுகிறவரும் "தாராளவாதம் வந்துதான் தோட்டம் பாழாய்ப் போனது" என்கிறார். தொலைக்காட்சி விவாதத்துக்கு வருகிற பொருளியலாளரும் தனியார்மயத்தை ஆதரிப்பவரைத் "தாராளவாதி" என்கிறார். ஒருவர் திட்டுகிறார், மற்றவர் புகழ்கிறார். இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்.

தாராளவாதம், தாராளமயமாக்கல், நவதாராளவாதம். மூன்றும் ஒரே வேரில் முளைத்த சொற்கள் என்பதால் மூன்றும் ஒரே பொருள் என்று ஆகிவிட்டது. பல்கலைக்கழகங்களில் சிலர் "தாராண்மைவாதம்" என்று எழுதுவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்களுக்கு அந்தச் சொல் வாயில் நுழைவதில்லை. பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், தாராளவாதம் என்பது ஆட்சியைப் பற்றிய ஒரு கருத்து. மனிதன் உரிமைகளோடு பிறக்கிறான். ஆள்பவரின் அதிகாரத்துக்குச் சட்டம் வேலி போட வேண்டும். சட்டத்தின் முன் எல்லாரும் சமம். மதத்திலும் பேச்சிலும் அரசு கைவைக்கக் கூடாது. ஆளப்படுகிறவரின் சம்மதம் இல்லாமல் ஆட்சி இல்லை. 17 ஆம் நூற்றாண்டில் ஜோன் லொக், 18 இல் அடம் ஸ்மித், 19 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் என்று பலர் கட்டிய கருத்து இது. சொத்துரிமையும் வியாபாரச் சுதந்திரமும் அதில் உண்டு. லயத்தில் பல காம்பராக்கள் இருப்பதுபோல, அவை அதிலுள்ள இரண்டு காம்பராக்கள். நவதாராளவாதம் அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடித்தாலும் பரவாயில்லை என்கிற கருத்து. பாடசாலை, ஆஸ்பத்திரி, தண்ணீர், மனித உழைப்பு எல்லாவற்றையும் சந்தையின் அளவுகோலால் அளப்பது அது. "அரசு விலகிக்கொள்வதுதான் நவதாராளவாதம்" என்று பாடக்குறிப்புகளில் இருக்கும். அது பாதிதான் சரி. அரசு விலகுவதில்லை, சந்தையை உருவாக்குவதும் காவல் காப்பதும் அரசின் வேலையாகிறது.

இதெல்லாம் புத்தகப் பேச்சு. இந்த இரண்டும் நம் மலைக்கு எப்படி ஏறி வந்தன என்று பார்த்தால் வித்தியாசம் தானாக விளங்கும்.

பொகவந்தலாவையில் சென்ற் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. அதன் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் வந்து தேடுவது மனைவியின் கல்லறையைத்தான். ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், 1879 இல் இங்கே இறந்தவர். அடுத்த ஆண்டு இறந்த கணவரை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. ஆனால் தரம் 10, 11 வரலாற்றுப் பாடம் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் பெயர் தெரியும். கோல்புரூக் - கமரன் சீர்திருத்தத்தின் கமரன் அவர்தான். சார்ள்ஸ் ஹே கமரன்.

அவர் இங்கிலாந்தின் பெந்தமுடைய சீடர். 1829 இல் கோல்புரூக்கும் அடுத்த ஆண்டு கமரனும் இலங்கைக்கு விசாரணை ஆணையாளர்களாக வந்தார்கள். அவர்களின் சிபாரிசுகளைத் தாராளவாதத்தின் மாதிரிப் பாடம் என்றே சொல்லலாம். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. கறுவா வியாபாரத்தில் அரசாங்கத்தின் ஏகபோகம் முடிந்தது. 1833 இல் சட்டவாக்கக் கழகம் வந்தது. கரையோரத்துக்கு ஒரு நிர்வாகம், கண்டிக்கு ஒரு நிர்வாகம் என்றிருந்தது ஒன்றாக்கப்பட்டது. நீதித்துறை கமரனின் பொறுப்பு. ஐரோப்பியர், சுதேசி என்ற பேதமில்லாமல் ஒரே நீதிமன்றம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இராஜகாரியம் ஒழிந்தது சின்ன விடயமல்ல. கண்டி வீதி வெட்டுவதற்கு ஊர் ஊராக மனிதரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். "இனி யாரையும் அப்படி இழுத்துப் போக முடியாது" என்று ஒரு சட்டம் சொன்னது. தாராளவாதத்தை வெறும் வெள்ளைக்காரத் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் அதே சீர்திருத்தத்துக்கு மறுபக்கமும் இருந்தது. உழைப்பும் காணியும் சந்தைக்கு வர வேண்டும் என்பது அதன் உள்நோக்கம். 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்றது. கண்டிய விவசாயியிடம் ஏது உறுதி? காடும் சேனையும் ஏக்கர் ஐந்து ஷிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். கோப்பித் தோட்டம் எழும்பியது. கமரனும் பிறகு மலையில் கோப்பிக் காணி வாங்கினார். வயதான காலத்தில், 1875 இல், குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டார். ஜூலியா தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்களையும் படம் பிடித்திருக்கிறார். அதற்குள் கோப்பிச் செடியில் இலைநோய் வந்து பல துரைமாரின் வருமானத்தைக் குலைத்துக்கொண்டிருந்தது. கமரனுடையதும் தப்பவில்லை.

கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன மனிதரின் தோட்டத்தில் வேலை செய்தது யார்? தமிழ்நாட்டிலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கி, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்த மக்கள். அவர்களை யாரும் சங்கிலியால் கட்டிக் கொண்டுவரவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் சுதந்திரமாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். தாராளவாதத்துக்கு மிகப் பிடித்த சொல் "ஒப்பந்தம்". ஆனால் 1865 இன் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகிற தொழிலாளிக்குச் சிறைத்தண்டனை. இரண்டு பேர் சமமாக நின்று செய்துகொண்ட ஒப்பந்தம் என்கிறார்கள். அதை முறித்தால் விலங்கு மாட்டப்படுவது ஒருவருக்கு. அதோடு "துண்டு". தொழிலாளி எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். பாவக்காய் மூட்டை கைமாறுவதுபோல ஆட்கள் கைமாறினார்கள். துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இராஜகாரியம் ஒழிந்து 89 வருடங்கள் கழித்து.

இது தாராளவாதத்தின் தோல்வியா, துரோகமா? எங்கள் எண்ணத்தில், அந்தக் காலத் தாராளவாதம் தன் சொல்லில் ஒரு வாசலை வைத்திருந்தது. யார் "மனிதன்" என்று எண்ணப்படுவான் என்பது அந்த வாசலில் முடிவானது. மில் கிழக்கிந்தியக் கம்பனியில் 35 வருடம் உத்தியோகம் பார்த்தவர். சுதந்திரத்தைப் பற்றி 1859 இல் எழுதிய அதே நூலில், "பின்தங்கிய" மக்களுக்குச் சர்வாதிகாரமே பொருத்தம் என்றும் எழுதியிருக்கிறார். உரிமை எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டு வாசலில் ஆளைப் பிரித்தார்கள்.

ஆனாலும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். "எல்லாருக்கும்" என்று ஒரு தடவை எழுதிவிட்டால், வாசலில் நிற்பவன் அந்தக் காகிதத்தைக் காட்டி "அப்படியானால் நான்?" என்று கேட்கலாம். 20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மலையகம் இதைத்தான் செய்தது. அதே காலத்தில் தாராளவாதமும் இங்கிலாந்தில் மாறியிருந்தது. பசியோடிருப்பவனுக்குச் சுதந்திரத்தால் என்ன பயன் என்று தாராளவாதிகளே கேட்கத் தொடங்கி, முதியோர் ஓய்வூதியம், காப்புறுதி என்று அரசு கையை நீட்டிய காலம். இங்கே 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது, இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர்ந்து. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. தோட்ட மக்களுக்கு நிரந்தர வதிவு நிபந்தனை போட்டு அதைக் குறுக்கினார்கள். அப்படியும் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அடுத்த தேர்தலில் கோ. நடேசய்யர் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார்.

1937 இல் நடந்ததை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கதை கேட்பதுபோல் கேட்பார்கள். மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர். தொழிலாளர் பக்கம் பேசினார் என்று வேலை போயிற்று. சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் அநியாயத்தைப் பற்றி, துரைமாரின் ஆளாகவே வந்த ஒருவர் மேடையேறிப் பேசினார். தோட்ட உரிமையாளருக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஆளுநர் ஸ்டப்ஸ் நாடு கடத்த உத்தரவு போட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார்; பிறகு காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றினார். கைதானார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரைக் கைதுசெய்து நாடு கடத்த முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆளுநரின் உத்தரவு செல்லாது.

ஆளுநரை விடச் சட்டம் பெரிது என்று குடியேற்ற நாட்டு நீதிமன்றமே சொன்னது. தாராளவாதம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு வேறு உதாரணம் தேவையில்லை. அதை வாங்கிக்கொடுத்தவர்கள் தாராளவாதிகள் அல்ல, மார்க்சியவாதிகள் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

சுதந்திரம் கிடைத்த பின்புதான் அடி விழுந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டம். ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். (கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வந்து கடை வைத்திருந்த நம் ஆட்களையும் அந்தச் சட்டம் வரிசையில் நிறுத்தியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.) 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர் கூட இல்லை.

சோல்பரி அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவு என்று ஒரு காவல் இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் செய்ய முடியாது என்றது அது. தாராளவாத அரசியலமைப்பின் பெருமைக்குரிய வாசகம். அதை நம்பிக் கோடக்கன் பிள்ளை என்பவர் வழக்குப் போட்டார். முதலில் வாக்காளர் இடாப்பை மீளாய்வு செய்யும் அதிகாரியிடம் வென்றார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல் தோல்வியை உறுதிசெய்தது. காரணம்: சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, அது பிறப்பையும் வதிவையும் பற்றித்தான் பேசுகிறது. பெயர் எழுதாமல் ஒரு சமூகத்தை வெட்டலாம் என்று ஆகிவிட்டது. சட்டத்தின் முன் சமத்துவம் என்பது எழுத்தோடு நின்றால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வாக்கு இல்லாத மக்களுக்கு மற்றவையும் வராது. இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என்று நாடு உலகத்துக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட காலத்தில், தோட்டப் பாடசாலை ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியருமாக இருந்தது. அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977 இல்தான். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம். யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. தோட்டம் அரசுடையது, தோட்டத்து ஆள் அரசின் பிரஜை அல்ல. இப்போது சிலர் அந்தக் காலத்தைப் பொற்காலம்போல் பேசுவதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. 1973, 74 பஞ்சத்தில் தோட்ட மக்கள் ஹட்டன் கடைத்தெருவில் கையேந்தி நின்றதை எங்கள் வாப்பாமார் பார்த்தவர்கள். கடன் கொப்பியில் எழுதிக்கொடுக்கவும் கடையில் சாமான் இல்லாத காலம். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்தபோது சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த 7,000 ஏக்கரும் அரசாங்கத்தின் காணிதான்.

இனி நவதாராளவாதத்துக்கு வருவோம். சொல் பிறந்தது ஐரோப்பாவில், 1938 இல் பாரிசில் நடந்த ஒரு சிந்தனையாளர் கூட்டத்தில் அது பேசப்பட்டது. 1947 இல் ஹயெக் தலைமையில் சுவிற்சர்லாந்தில் ஒரு சங்கம் உருவானது. நலன்புரி அரசு சர்வாதிகாரத்துக்கு வழி என்பது அவர்களின் பயம். முப்பது வருடம் அது பேராசிரியர்களின் பேச்சாகவே கிடந்தது. ஒரு நாட்டில் முழுதாகச் செய்து பார்க்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் சிலி. 1973 இல் இராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பினோசே, சிக்காகோவில் படித்த பொருளியலாளர்களிடம் பொருளாதாரத்தைக் கொடுத்தார். பாராளுமன்றம் இல்லை, தொழிற்சங்கம் இல்லை, பத்திரிகைச் சுதந்திரம் இல்லை. சந்தைச் சுதந்திரம் மட்டும் நிறைய. ஹயெக் அங்கே போய்ப் பினோசேயைச் சந்தித்தார். பேச்சுரிமை இல்லாமலும் நவதாராளவாதம் வாழும். தாராளவாதத்தால் அப்படி வாழ முடியாது.

ஹயெக் சிலிக்குப் போன அதே 1977 இல்தான் இலங்கையில் ஜே.ஆர். ஆட்சிக்கு வந்தார். தட்சரும் ரேகனும் வருவதற்கு முன்பே. ரொனி டி மெல்லின் வரவு செலவுத் திட்டம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. அடுத்த வருடம் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கான சட்டம் வந்தது. அரிசிப் பங்கீட்டின் இடத்தில் 1979 இல் உணவு முத்திரை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: பாண் வரிசையில் நின்ற மக்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஹட்டன் கடைகள் நிரம்பின. எங்கள் வீடுகளிலும் ரேடியோ வந்தது. ஆனால் சாமான் தாராளமாக வந்த அந்த ஆட்சியில் மற்றக் காம்பராக்களுக்கு என்ன நடந்தது? 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். 1982 இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் காலம் ஆறு வருடம் நீட்டப்பட்டது. 1977 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் தோட்ட லயங்கள் எரிந்தன. பொருளாதாரம் திறந்தது, அரசியல் மூடியது. இதைத் தாராளவாதம் என்று விடைத்தாளில் எழுதினால் புள்ளி எப்படிப் போடுவது?

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. மலையகத்துக்குப் பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்ததும் இதே காலத்தில்தான். தொண்டமான் 1978 இல் ஜே.ஆரின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1984 வேலைநிறுத்தத்தின் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்து கொய்த பெண்ணின் நாள் ஆணின் நாளைவிடக் குறைவாகவே மதிக்கப்பட்டு வந்தது. 1988 இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம், 2003 இல் மீதிப் பேருக்கான சட்டம். தாராளவாதம் 1833 இல் சொன்ன சொல்லின் ஒரு பங்கு, அரசாங்கத்தின் தயவால் அல்ல, சங்கத்தின் பலத்தாலும் வாக்குப் பேரத்தாலும் வந்து சேர்ந்தது.

ஆனால் பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வந்த நேரத்தில் தோட்டம் கைமாறியது. 1992 ஜூனில், நட்டம், உலக வங்கி, நாணய நிதியம் என்று காரணங்கள் சொல்லி, தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமைக்குக் கொடுக்கப்பட்டன. 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டன. காணி அரசினது, 53 வருடக் குத்தகை கம்பனிக்கு, தங்கப் பங்கு திறைசேரிக்கு. அரசு விலகவில்லை என்று நாங்கள் மேலே சொன்னது இதுதான். குத்தகைப் பத்திரம் எழுதியது அரசு. அந்தப் பத்திரத்தில் கம்பனியும் இருக்கிறது, அரசும் இருக்கிறது; லயத்தில் ஐந்து தலைமுறையாக இருக்கிறவருக்கு ஒரு பேர்ச் கூட எழுதப்படவில்லை. அவர் வாக்காளர் ஆகிவிட்டார், ஆனால் கம்பனியின் குத்தகைக் காணிக்குள் குடியிருக்கும் வாக்காளர்.

இதன் விளைவைப் பிரதேச சபைச் சட்டத்தில் பார்க்கலாம். 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம், 33 ஆம் பிரிவு. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் சபையின் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ பீலிக்கரை கட்டவோ அந்தப் பிரிவு தடையாக நின்றது. 2018 இல்தான் திருத்தம் வந்தது. முப்பது வருடம், வாக்கு ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம். இன்றும் பல தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்குப் போய் அங்கிருந்து வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்த எங்கள் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தாராளவாதத்தின் "தனிமனிதன்" என்ற சொல்லுக்கு ஒரு விலாசம் வேண்டும் என்பதை நாங்கள் லொக்கிடம் படிக்கவில்லை, இந்தப் பிள்ளைகளிடம் படித்தோம்.

சம்பளக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கிச் சொல்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முதலாளிமார் சம்மேளனமும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்தன. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை பல வருடம் இழுபட்டு, 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயில் நின்றது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். மறுபடி வழக்கு, இடைக்காலத் தடை, கடைசியில் அதே வருடம் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. கம்பனி வழக்குப் போடுவது அதன் உரிமை. பிரேஸ்கேடிலைக் காப்பாற்றிய அதே உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளம் ஏறிய பிறகு பல தோட்டங்களில் நாள் பெயருக்கான கிலோ கூட்டப்பட்டது, வேலை நாள் குறைந்தது, நிறை குறைந்தால் அரைப் பெயர். கைக்காசு வேலை கூடியது. தனியார்மயத்தின்போது மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த தோட்டத் தொழிலாளர் தொகை இன்று ஒன்றரை இலட்சத்தையும் எட்டாது. மிச்சப் பேர் எங்கே என்று கொழும்பு ஹோட்டல்களிலும் புடவைக் கடைகளிலும் போய்ப் பார்த்தால் தெரியும். எங்கள் வகுப்பறையின் பின்வரிசை அங்கேதான் நிற்கிறது.

இப்போது கம்பனிகள் முன்வைப்பது வெளியார் உற்பத்தி முறை, அல்லது வருமானப் பங்கீட்டு முறை. தொழிலாளிக்கு ஒரு துண்டு மலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர் குடும்பத்தோடு பராமரித்து, கொழுந்தைக் கம்பனிக்கே கொடுத்து, கிலோவுக்கு விலை வாங்குவார். நாள் சம்பளம் இல்லை. "இனி நீங்கள் தொழிலாளி அல்ல, தொழில் முனைவோர்" என்கிறார்கள். நல்ல சொல். சில குடும்பங்களுக்கு மாத வருமானம் கூடியிருக்கிறது, அதையும் கேள்விப்படுகிறோம்; பிரட்டுக் களத்தில் நின்று ஏச்சு வாங்காமல் தன் நேரத்துக்கு வேலை செய்யலாம் என்பதைப் பெண்கள் விரும்பிச் சொல்கிறார்கள். அந்த விருப்பம் உண்மையான சுதந்திர விருப்பம். ஆனால் காணி உறுதி இல்லாத முனைவோர், விலையைத் தான் சொல்ல முடியாத வியாபாரி, வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்து விற்க முடியாத விற்பனையாளர், இவர் எந்தச் சந்தையில் சுதந்திரமானவர்? அடம் ஸ்மித்தே இதைச் சந்தை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். 1865 இல் "சுதந்திரமாக ஒப்பந்தம் செய்தவர்" என்று எழுதிய பேனாவும் இதே மாதிரித்தான் எழுதியது.

இந்தப் பத்திரங்கள் சில இப்போது வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் கொண்டுவந்து காட்டியதால்தான் இவ்வளவும் எழுத வேண்டி வந்தது. கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடருமா? இதுவரை வேலை செய்த காலத்துக்கான சேவைக்காலப் பணம் எப்போது வரும்? கிலோ விலையை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது? உரமும் மருந்தும் கடனாகத் தந்தால் அந்தக் கணக்குக் கொப்பியின் பிரதி உங்களிடம் இருக்குமா? வரட்சியில் கொழுந்து இல்லாவிட்டால் நட்டம் யாருடையது? ஒப்பந்தம் முடிந்தால் லயக் காம்பராவில் தொடர்ந்து இருக்கலாமா? பத்திரம் எந்த மொழியில் இருக்கிறது? சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்து விளங்கிக்கொள்ள உதவி தேவையானவர்கள் பாடசாலை விட்ட பிறகு, பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிட்டு, பத்திரத்தோடு வாருங்கள். நாங்கள் இருப்போம்.